கொண்டையைப் பிடித்த கை

என் தங்கை தன் கணவனை அடித்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்த அடியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கறம்பக்குடிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் இதைப் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். மந்திரம் என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து அண்ணன்காரன் கொண்டுவந்த ஏதோ தைலத்தைக் கையில் தடவிக்கொண்டு அடித்தாள் என்றுகூடச் சொன்னார்கள். நடந்தது அதைவிட எளிமையானது.

ஐம்பதுகளில் நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து தங்குமிடத்துக்குப் போகிற சந்துகளில் வழிப்பறிக்காரர்கள் நிற்பார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் தாடையை உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்களோடு வேலை பார்த்த ஒரு சீனரிடம் நானும் இன்னும் சிலரும் போய் நின்றோம். அவர் ஹவாய்த் தீவில் வளர்ந்தவர். கப்பல் வேலையாக வந்து சிங்கப்பூரிலேயே இறங்கிவிட்டவர். அவருக்குத் தெரிந்த சண்டை முறைக்குக் கென்போ என்று பெயர் சொன்னார். அது கராத்தேயில் ஒரு வகை. கராத்தே என்ற சொல்லே அப்போது எனக்குப் புதிது.

வரிசையாக நிற்கவைத்துக் கை கால் வீசச் சொல்கிற வழக்கம் அவரிடம் குறைவு. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நம் சட்டையைப் பிடிப்பார். அந்த நேரத்தில் நம் கையில் டீக் குவளை இருந்தால் குவளையால் அடிக்க வேண்டும். குடை இருந்தால் குடை. பேப்பர் இருந்தால் இறுகச் சுருட்டி அதன் முனையால் குத்த வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் உள்ளங்கையின் அடிப்பாகம், முழங்கை, மூடிய கையின் பக்கவாட்டு. நம்மிடம் எது அவனுக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அதைக்கொண்டு, அவனுடைய எந்த இடம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே. யோசித்து அடித்தால் அடி விழாது என்பார். அடித்த பிறகு என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். சந்தைக்கடை மலாயில் ஒரே சொல்லாகப் பதில் சொன்னார்: ஓடு.

எனக்கு அதை உபயோகிக்க வேண்டிய சந்தர்ப்பம் அங்கே வரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்துபோனார். ஆத்தா தனியாக இருந்ததால் ஊர் திரும்பித் திருக்கோகர்ணத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்தேன். காலையில் கடை திறக்கப் போகுமுன் கொல்லையில் கிணற்றடி ஓரமாகக் கொஞ்ச நேரம் பழகுவேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கம்பில்லாமச் செலம்பமா?" என்று கேட்பார்.

தங்கைக்கு நான் வெளியூரில் இருந்தபோதே கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். நிலமும் கடலை வியாபாரமும் உண்டு. நான் திரும்பி வந்த வருடம் ஆடிப்பூரத்துக்கு அவள் தன் நான்கு வயது மகளோடு வந்திருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கொல்லையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வலது காதுக்கு மேலே ஒரு கையகலத்துக்கு முடி இல்லை. தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"என்ன புள்ள இது?"

"கதவுல மாட்டிக்கிச்சுண்ணே."

"கதவு முடியப் புடுங்குமா?"

அவள் கூந்தலை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஆத்தாதான் பதில் சொன்னாள். "விடுப்பா. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீ எதையும் கேட்டுக்கிட்டு இருக்காத."

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. திருவிழா முடிந்து அவளைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் நானும் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை வாசலுக்கே வந்து வரவேற்றார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார்.

"வாங்க மச்சான், வாங்க. ஒக்காருங்க. பயணமெல்லாம் சௌகரியந்தானா? ஏய், மச்சானுக்குக் காப்பி கொண்டா."

காப்பி வந்தது. வறுத்த கடலை வந்தது. விளைச்சலைப் பற்றிப் பேசினார். நான் ஒருவழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாப்ள, அவ தலையில ஒரு காயம் பாத்தேன்..."

"ஆமா மச்சான்," என்றார் உடனே. மறைக்கவே இல்லை. "எனக்குச் சட்டுன்னு கோவம் வந்துரும். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்குள்ள நடக்குறது, நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

ஓட்டில் ஒழுகுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முக்காலிதான் இருந்தது. அதன்மேல் கடலைத் தட்டு. காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. அவருடைய தொண்டை எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அடுப்படி நிலைப்படியில் தங்கை நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டவில்லை, பார்வையே அதைச் சொன்னது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்துக்கங்க மாப்ள. அவ ஒருத்திதான் எங்களுக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தங்கையின் புருஷனை அடித்துவிட்டு அவளை அதே வீட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது?

அடுத்துத் தை மாதத்தில் அவள் வந்தபோது இடது கைச் சுண்டுவிரல் கோணிப்போயிருந்தது. ஒடிந்து, சரியாகக் கட்டுப்போடாமல் கூடிப்போன விரல். இந்தத் தடவை அவள் கதவைச் சொல்லவில்லை.

"நீங்க வந்து பேசிட்டுப் போனீங்கள்ல, அதுக்கு."

மறுநாள் காலையில் நான் கிணற்றடியில் பழகிக்கொண்டிருந்தபோது குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, அது எனக்கு வருமா?"

"எது?"

"அந்தச் சீனாக்காரன் அடி."

சிரித்துவிடலாம் என்று திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"அவரு எப்படிப் புடிப்பாரு?" என்று கேட்டேன். ஒரு அண்ணன் தங்கையிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

"கொண்டைய. எப்பவும் பின்னாடியிருந்து கொண்டையத்தான்."

அதிலிருந்து தொடங்கினோம். கொண்டை பிடிபட்டால் எவரும் தலையை முன்பக்கமாக இழுத்து விடுவித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அதில்தான் முடி போகும். அதற்குப் பதில், பிடித்த கையை நம் கையால் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். அப்போது அவன் கை நம்மிடம் மாட்டிக்கொள்கிறது. பிறகு விலகாமல் அவன் பக்கமாகவே திரும்ப வேண்டும். திரும்புகிற வேகத்தில் முழங்கை தானாகவே அவன் விலாவுக்குப் போகும். நான் அவள் கொண்டையைப் பிடித்தேன். முதல் தடவை பிடித்தபோது அவள் உடம்பு முழுதும் ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"புடிங்கண்ணே. ஒன்னுமில்ல," என்றாள்.

அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. நெல் குத்தின தோள் அது, தண்ணீர் இறைத்த கை. மூடிய கையின் பக்கவாட்டால் அடிப்பதற்கு, "ஒலக்க புடிச்சுக் குத்துறாப்புல," என்று அவளே வழி கண்டுபிடித்தாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாடையைத் தள்ளி அடிப்பதை மாவு பிசைகிற அழுத்தம் என்றாள். பிறகு சாமான்கள். தோசைக் கரண்டியின் காம்பு முனை. அடுப்புச் சாம்பல். அரிவாள்மனையை அவள் கண்ணால் காட்டியபோது நான் மறுத்தேன். "வெட்டுற சாமானத் தொடவே தொடாத. அவரு கைய விடணும், அம்புட்டுத்தான். ஆள் போயிட்டா நீயும் போயிருவ."

பாப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தன் சின்னக் கையைக் காற்றில் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

ஆத்தா முதல் நாள் எங்களைப் பார்த்துவிட்டுத் திட்டினாள். "பொம்பளப் புள்ளைக்கு என்னடா சொல்லிக் குடுக்குற? அது வாழுறதா வேணாமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அன்று முழுதும் எங்களோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் பழகிக்கொண்டிருந்தபோது வந்தாள். கையில் பித்தளைச் செம்பு இருந்தது. தங்கையின் சீதனத்தோடு வாங்கிய ஜோடியில் ஒன்று, இங்கேயே தங்கிவிட்டது. அதை மகளிடம் நீட்டினாள்.

"இது கனமா இருக்கும். இதே மாதிரி ஒன்னு அங்கிட்டும் இருக்குல்ல. இத வச்சுப் பாரு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

செம்பின் கழுத்தை விரல்களால் கோத்துப் பிடித்தால் அதன் அடிவிளிம்பு நல்ல ஆயுதம். அதை வைத்துக் கீழிருந்து மேலாகத் தாடைக்கு வீசப் பழகினாள். புறப்படுகிற அன்றுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அடிச்ச பெறகு என்ன செய்யணும்ணே?"

"ஓடிரணும்."

"எங்கிட்டு?"

"எங்கிட்டா? இங்கிட்டு வா. நம்ம வீட்டுக்கு."

"பாப்பா?"

"தூக்கிக்கிட்டு ஓடி வா," என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல், கடையில் நான் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கையின் ஊர்க்காரர் ஒருவர் வந்து இறங்கினார். "ஒங்க தங்கச்சி புருஷனக் கைநீட்டி அடிச்சிருச்சு. கூட்டம் போட்டிருக்காக. ஒங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாக," என்றார். கடையைச் சாத்திவிட்டு அவரோடு போனேன்.

என்ன நடந்தது என்பதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மூட்டை எடுக்க வெளியூர் வியாபாரிகள் வந்திருந்தார்கள். கூலிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாப்பாவுக்குக் காய்ச்சல். வியாபாரிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் அவர். பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிவிட்டு வர அவளுக்குச் சற்று நேரமாகிவிட்டது. செம்போடு வந்தவள் வியாபாரிகள் பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து கொண்டை பிடிபட்டது. அடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லையாம். இடது கை தானாகப் போய் அவர் கையைத் தலையோடு அழுத்தியது. உடம்பு திரும்பியது. தண்ணீரோடு இருந்த செம்பு கீழிருந்து போய் அவர் தாடையில் மோதியது. அவர் மூட்டைகள்மேல் சாய்ந்தார். வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று கடலையோடு கடலையாகக் கிடந்தது. ஒரு கூலிப் பெண் அதைப் பார்த்துவிட்டு அலறினாளாம்.

அவள் ஓடத்தான் திரும்பினாள். அதற்குள் அவள் மாமியார், வீட்டுக்குள் இருந்தபடியே கதவைத் தாழ்போட்டுவிட்டாள். பாப்பா உள்ளே. தங்கை கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். பிறகு களத்து நடுவில், எல்லாருடைய கண்ணெதிரிலும், காலிச் செம்போடு நின்றாள். கூட்டம் கூடுகிறவரை அங்கேயே நின்றாள்.

நான் போனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பிள்ளையார் கோவிலுக்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம், தங்கை மறுபக்கம். அவளுக்கு உட்காரவும் இடம் கொடுக்கவில்லை.

"இது பொம்பள அடிக்கிற அடியில்ல. ஒனக்கு யாரு கத்துக் குடுத்தா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"யாரும் குடுக்கல," என்றாள் தங்கை.

"நாந்தாங்க குடுத்தேன்," என்றேன் நான்.

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் விரலைப் பற்றிச் சொன்னேன், முடியைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது.

"அவன் செஞ்சது தப்புன்னா எங்கக்கிட்டச் சொல்லியிருக்கணும்ப்பா. நாங்க கண்டிச்சிருப்போம். நாலு பேரு பாக்க ஆம்பளையப் பல்லு ஒடைச்சா, நாளைக்கு அவன் எப்படித் தெருவுல நடப்பான்? அத நீ சொல்லு."

நான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் இன்னொருவர் குறுக்கே பேசினார், அதற்கு இன்னொருவர். கடைசியில் அவள் புருஷன் காலில் விழ வேண்டும், நான் சபையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவானது. இரண்டு வீட்டுக்கும் இனிமேல் போக்குவரத்துக் கூடாது, நல்லது கெட்டதுக்கும் கூடாது. அது அண்ணன்காரன் சொல்லிக் கொடுத்ததற்காக. சம்மதமில்லை என்றால் அவள் என்னோடு போகலாம், பிள்ளை இங்கேதான் இருக்கும்.

அவளைக் கோவில் சுவரோரமாக அழைத்துக்கொண்டு போனேன். "வா, போலீசுக்குப் போவோம்," என்றேன்.

"போயி? அடிச்சது நாந்தானேண்ணே. பல்லு அவுக கையில இருக்கு. என்னத்தான் உள்ள வைப்பாக."

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து பாப்பா அழுகிற சத்தம் கோவில்வரை கேட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டு, துண்டால் விசிறிக்கொண்டு, பஸ் போய்விடுமோ என்று என் பொருட்டுக் கவலைப்படுகிற மனிதர்கள். யாரும் என் சட்டையைப் பிடிக்கவில்லை. யாரை அடிப்பது?

தங்கை திரும்பிப் போய் அவர் காலில் விழுந்தாள். அவள் குனிந்தபோது அவர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். நான் கையைக் கூப்பி, "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க," என்று சபையைப் பார்த்துச் சொன்னேன். கடைசிப் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ஆத்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "புள்ளயக் கூட்டியாரலயா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுப் போய்விட்டது. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தடையை மீறிக் கறம்பக்குடிப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே பேசினார். பல் போன இடத்தை மறைக்க வாயைச் சரியாகத் திறக்காமல் பேசப் பழகியிருந்தார்.

"அனுப்பலாம் மச்சான். எனக்கென்ன? ஊர்ல ஒரு வார்த்த கேக்கணும்ல. நீங்க போங்க, பின்னாடி அனுப்பிவைக்கிறேன்."

கெஞ்சினேன். அவர் மறுக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. தங்கை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தனியாகத்தான் திரும்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் வந்துவிட்டாள். கட்டிய சேலையோடு, கையில் ஒரு பையும் இல்லாமல்.

"எப்படிப் புள்ள விட்டாரு?"

"விடல. வாசல்ல நின்னாரு. நான் நேரா வந்தேன். நகந்துக்கிட்டாரு." பிறகு சொன்னாள்: "பாப்பாவக் குடுக்கல. அவுக ஆத்தா தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாக."

ஆத்தாவின் இடது கை மட்டும் அசையும். அந்தக் கையால் மகளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். காதுக்கு மேலே முடி முளைத்து மூடியிருந்ததை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். மறுவாரம் இறந்துபோனாள். கெட்டதுக்கும் கூடாது என்றிருந்தாலும் பெற்றவள் சாவுக்கு மட்டும் தடை வேண்டாம் என்று அந்த ஊர்ப் பெரியவர்களே சொல்லி மாப்பிள்ளையை அனுப்பிவைத்தார்கள். அவர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, மருமகன் செய்ய வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்தார். கருமாதி முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது கிணற்றைப் பார்த்தபடி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். அவளைப் பார்த்துப் பேசுவதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

நான் தங்கையைப் பிடித்து நிறுத்தினேன். "போகாத. பாப்பாதான் வந்துருச்சுல்ல, ரெண்டு பேரும் இங்கிட்டே இருந்துருங்க. நான் பாத்துக்குறேன்."

"அவரு கோர்ட்டுக்குப் போனா? புருஷன் பல்லத் தட்டினவகிட்டப் பொண்ணக் குடுப்பாகளா? ஊரே வந்து சாட்சி சொல்லும்ணே." பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ அங்கிட்டு இருக்கவரைக்கும் நானும் அங்கிட்டுத்தான்."

பஸ் நிறுத்தம்வரை அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். இவர்கள் பின்னால். பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க எங்க ஊருக்கு ஏன் வரவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டது. வாரேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைத் தட்டிக்கொடுத்தேன். பஸ் போய்விட்டது.

அதன்பிறகு ஐந்தாறு வருடம் கழித்து ஆலங்குடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். ஊரில் அவளைச் சுபகாரியங்களுக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கேயும் அவள் கூட்டத்தில் சேராமல் பந்தலோரத்தில் மகளோடு நின்றிருந்தாள். மகள் பாவாடை தாவணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் உயர்ந்திருந்தாள்.

"எப்படி இருக்க புள்ள?"

"இருக்கேண்ணே. அடி கெடையாது." மகளின் பின்னலை எடுத்து முன்னால் விட்டுவிட்டு, "பேச்சும் கெடையாது," என்றாள். "சோத்த வச்சிட்டு நான் தள்ளிப் போயிரணும். அதுக்கப்பறந்தான் வந்து ஒக்காருவாரு."

மேளம் பலமாகக் கேட்டது. யாரோ பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

"போங்கண்ணே, எலை போட்டுட்டாக," என்றாள். "நம்ம பேச்சுக்குத்தான் தடை இருக்குல்ல. அவரு இங்கிட்டுத்தான் வாராரு."